கயிற்றின் மறுமுனை

(மணப்பாட்டில் இளைஞர்களும் பெரியவர்களும் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சிவிலைசேஷன் என்றொரு கணினி விளையாட்டு இருக்கிறது. பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பிகள் பலருக்கு அது தெரிந்திருக்கும். முன்வரிசைப் பெரியவர்களுக்காகச் சொல்கிறேன். கி.மு. 4000இல் ஒரு சிறு கூட்டத்தோடு ஆட்டம் தொடங்கும். ஊர் அமைக்க வேண்டும், உழ வேண்டும், எழுத்தும் சக்கரமும் கண்டுபிடிக்க வேண்டும், கோவில் கட்ட வேண்டும், கப்பல் விட வேண்டும். இப்படியே விண்வெளிக்கு ஆள் அனுப்பும் காலம்வரை ஒரு நாகரிகத்தை வளர்த்துக்கொண்டு போகலாம். சதுரங்கத்தைப் போல முறைவைத்து ஆடுவது. என் முறையில் செய்ய வேண்டியதை எல்லாம் செய்துவிட்டு ‘அடுத்த சுற்று’ என்ற பொத்தானை அழுத்தினால்தான் காலம் நகரும். யாருக்கும் விரல் வேகம் தேவையில்லை. யோசிக்க நேரம் உண்டு.

அந்த விளையாட்டில் முத்தும் உண்டு. 2016இல் வந்த ஆறாம் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கரையோரக் கடல் கட்டம் ஒன்றில் முத்துச் சின்னம் தெரியும். வேலையாள் ஒருவரை அங்கே அனுப்பி ‘மீன்பிடிப் படகு’ என்பதை அழுத்தினால் போதும். அன்றிலிருந்து ஆட்டம் முடியும்வரை முத்து வந்துகொண்டே இருக்கும். கூடவே சுற்றுக்கு ஒரு பக்திப் புள்ளியும் கிடைக்கும். பக்திப் புள்ளியைப் பற்றி இந்தக் கரையில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். 1530களில் முத்துச் சலாபத்தின், அதாவது முத்துக்குளிப்பின், உரிமைக்காக நடந்த போராட்டத்தின் நடுவில்தான் முத்துக்குளித்துறை மக்கள் கிறிஸ்தவம் தழுவினார்கள். 1542இல் மறைபரப்பாளர் சவேரியார் வந்ததும், அதோ அந்த மணல்மேட்டில் 1581இல் திருச்சிலுவைக் கோவில் எழுந்ததும் அதன் தொடர்ச்சி. முத்தும் பக்தியும் இங்கே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

ஆனால் விளையாட்டின் அந்த முத்துக் கட்டத்தில் ஆளே இல்லை. முங்குகிறவர் இல்லை. தோணியில் நின்று கயிறு பிடிக்கிறவரும் இல்லை.

முத்துக்குளிப்பு எப்படி நடந்தது என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். குளியாள் கல்லின்மேல் கால் வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். கல் அவரை ஐந்து, ஏழு, பத்துப் பாகம் ஆழத்துக்குக் கொண்டுபோகும். அவர் தரையைத் தொட்டதும் மேலே இருப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். கீழே இருப்பவர் மூச்சு உள்ளவரை, ஏறத்தாழ ஒரு நிமிடம், கைக்கு அகப்பட்ட சிப்பிகளை வலைப்பையில் அள்ளுவார். பிறகு கயிற்றை ஒரு வெட்டு வெட்டி இழுப்பார். அந்த இழுப்பு மேலே இருப்பவரின் கைக்கு எட்டியதும் அவர் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இழுக்க வேண்டும். தோணியை நடத்தும் தண்டல் இருப்பார், தண்ணீர் இறைக்கிறவர் இருப்பார், தோணிக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் ஆள் இருப்பார். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் குளியாளின் உயிர் ஒரே ஒருவர் கையில்தான். அதனால்தான் மைத்துனரைக் கயிறு பிடிக்கச் சொல்வார்கள் என்று இந்தக் கரையில் சொல்வது உண்டு. தன் அக்காள் தங்கை தாலியறுப்பதை எந்த மச்சானும் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டான் அல்லவா?

இந்தக் கயிறு இன்று நான் பேச வந்த விஷயத்தின் நடு நரம்பு. ஒரு நாகரிகத்தை நாலு பேர் சேர்ந்து வளர்க்கும்போது என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

1991இல் சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும் இந்த விளையாட்டின் முதல் பதிப்பை ஆக்கியபோது அது ஒருவர் தனியாக ஆடும் விளையாட்டு. ஆறாயிரம் வருடம் சாகாமல் ஆளும் ஒரே அரசன். எதிரே கணினி நடத்தும் அரசர்கள். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ‘இன்னும் ஒரே ஒரு சுற்று’ என்று சொல்லியே விடியவைத்தவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் படித்த மூன்று மாணவர்கள் 1995 கடைசியில் இதேபோன்ற ஒன்றைத் தாங்களே எழுதத் தொடங்கி, 1996 ஜனவரியில் எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டார்கள். ஃப்ரீசிவ் என்று பெயர். வலையிணைப்பின் வழியாகப் பலர் ஒரே உலகத்தில் ஆட வேண்டும் என்பதுதான் அவர்களுடைய ஆசை. முப்பது வருடமாகத் தன்னார்வலர்கள் அதை வளர்த்துவருகிறார்கள். 2005இல் வந்த சிவிலைசேஷன் நான்காம் பதிப்பில் அதன் வடிவமைப்பாளர் சோரன் ஜான்சன் அணி ஆட்டத்துக்கு ஒழுங்கான இடம் கொடுத்தார்.

நான்காம் பதிப்பின் அணி விதிகள் எனக்கு மிகவும் பிடித்தவை. ஒரே அணியில் இருப்பவர்களுக்குப் பார்வை பொது: உன் படை பார்ப்பதை நானும் பார்க்கிறேன். போரும் சமாதானமும் பொது: ஒருவன்மேல் போர் அறிவித்தால் எல்லோர்மேலும் அறிவித்ததாகும். கல்வி பொது: நாலு பேருடைய ஆராய்ச்சியும் ஒரே உண்டியலில் விழுகிறது, ஒருவர் கண்டறிந்தது எல்லோரும் கண்டறிந்ததாகிறது. வெற்றியும் பொது. ஆனால் ஊர்கள் அவரவருடையவை. எந்த வயலை உழுவது, எந்தக் கட்டடத்தை எழுப்புவது என்பதை அந்த ஊரை ஆள்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். உறவு எது, தனிச் சொத்து எது என்று இவ்வளவு தெளிவாகப் பிரித்துவைத்த விளையாட்டுகள் குறைவு.

என்னிடம் படிக்கும் பிள்ளைகள் நாலு பேர் விடுமுறையில் ஒரே அணியாக இதை ஆடினார்கள். நான் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வடக்கு எல்லையைக் காக்கும் பொறுப்பைப் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எடுத்துக்கொண்டான். “வடக்க நான் பாத்துக்கிடுதேன்” என்று அவன் சொன்னதும் மற்ற மூவரும் நிம்மதியாகத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அணியில் மூத்தவளான பெண், பளிங்குக்கல் கிடைத்த ஊரில் பெரும் நூலகம் என்ற அதிசயத்தைக் கட்டத் தொடங்கினாள். பளிங்கு இருந்தால் அது பாதி நேரத்தில் முடிந்துவிடும். உலகத்தில் ஒருவர்தான் அதைக் கட்ட முடியும் என்பதால் அவளுக்கு ஒரே பரபரப்பு.

வெண்கலம் செய்யும் வித்தை கண்டறிந்ததும் நிலத்தில் செம்பு எங்கே இருக்கிறது என்பது படத்தில் தெரியத் தொடங்கும். மூவர் நிலத்திலும் செம்பு இருந்தது. பையன் நிலத்தில் இல்லை. செம்போ இரும்போ இல்லாமல் கோடரி வீரர்களை உருவாக்க முடியாது. வில்லாளர்களை மட்டும் வைத்துக்கொண்டு அவன் எல்லையில் நின்றான். அவன் படம் எல்லோருக்கும் தெரியும்தான், பார்வை பொது என்று சொன்னேனே. ஆனால் யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அவன்தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டானே. அவனும் தன்னிடம் செம்பு இல்லை என்று சொல்லவில்லை. சுற்றுகள் போய்க்கொண்டே இருந்தன. ஒரு சுற்றில் கணினி நடத்தும் அஸ்டெக் அரசன் மான்டெசூமா போர் அறிவித்தான். அந்த விளையாட்டை ஆடியவர்களுக்குத் தெரியும், மான்டெசூமாவின் பக்கத்தில் குடியிருப்பது எப்படிப்பட்டது என்று.

“எங்கிட்ட செம்பே இல்லக்கா” என்று அப்போதுதான் வாய் திறந்தான்.

“முன்னாடியே சொல்லிருக்கலாம்லா?”

“எல்லார்ட்டயும் இருக்கு. எனக்கு மட்டும் இல்லன்னு எப்படிக்கா சொல்ல?”

அவள் பதில் பேசவில்லை. நூலகத்தை நிறுத்தினாள். அதே ஊரில் கோடரி வீரர்களை உருவாக்கி, காட்டு வழியாக வடக்கே நடத்தி, அவன் எல்லைக்குள் வந்ததும் அவனுக்கே தானமாகக் கொடுத்தாள். அந்த வசதி விளையாட்டில் உண்டு. இரண்டு நாட்டுக்கும் நடுவே சாலை இருந்திருந்தால் செம்பையே கொடுத்திருக்கலாம். இல்லை என்று சொல்லாததால் சாலை போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஊர் பிழைத்தது. பெரும் நூலகத்தை எங்கோ தூரத்து நாடொன்று கட்டி முடித்தது. அவள் போட்டுவைத்த உழைப்புக்குப் பதிலாகக் கொஞ்சம் பொன் வந்தது. அவ்வளவுதான்.

அந்த ஆட்டத்தில் அணி தோற்கவில்லை. ஆனால் நான் அதற்குப் பிறகு பார்த்த ஒவ்வொரு அணி ஆட்டத்திலும் தேடிப் பார்ப்பது இந்த ஒன்றைத்தான்: கயிறு எப்போது இழுக்கப்படுகிறது? அணி ஆட்டத்தில் பொருள் குறைவால் வரும் ஆபத்தைவிட அந்தக் குறையை நேரத்தோடு சொல்லாமல் விடுவதால் வரும் ஆபத்துதான் பெரிது. மூச்சு முட்டும்வரை கௌரவம் பார்த்துக் காத்திருக்கும் குளியாள் எவ்வளவு திறமைசாலியாக இருந்து என்ன பயன்? அதேபோல, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு வேறு பக்கம் பார்த்து நிற்பவர் எவ்வளவு பலசாலியாக இருந்து என்ன பயன்? ‘அவன் பார்த்துக்கொள்வான்’ என்பது நம்பிக்கை மாதிரி இருக்கும். உண்மையில் பல நேரம் அது கைகழுவுவதுதான்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் ஒன்று உண்டு. நான்கு பேரில் ஒருவருக்கு விளையாட்டு நன்றாகத் தெரிந்திருக்கும். அவர் எல்லோருடைய திரையையும் எட்டிப் பார்த்து, “அந்தக் கட்டத்துக்குப் போ, இதை முதலில் கட்டு, அதை அழுத்து” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். சொல்வது சரியாகவும் இருக்கும். கொஞ்ச நேரத்தில் மற்ற மூவரும் விரல்களாக மாறிவிடுவார்கள். நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள், ஆடுவது ஒருவர். அணியாக ஆடும் எல்லா விளையாட்டிலும் இந்த நோய் உண்டு. கெட்டிக்காரர்கள் தயவுசெய்து கேளுங்கள்: கயிறு பிடிப்பவர் எந்தச் சிப்பியை எடுக்க வேண்டும் என்று கீழே இருப்பவருக்குச் சொல்ல முடியாது. கடலடியைப் பார்ப்பவர் அவர்தான். நம் வேலை, இழுப்பு வந்தால் இழுப்பது. கேட்டால் சொல்லுங்கள், கேட்காதபோது உங்கள் நாட்டைப் பாருங்கள்.

முறைவைத்து ஆடும் ஆட்டத்தை அணியாக ஆடுவது நமக்குப் புதிதல்ல. 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அணிக்கு நாலு பலகை, ஒரு மாற்று ஆட்டக்காரர். நம் குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் வரிசையாக வென்றார். இந்தியாவின் இரண்டாம் அணி பொதுப் பிரிவிலும், முதல் அணி பெண்கள் பிரிவிலும் வெண்கலம் வென்றன. ஆனால் அங்கே பலகையின் முன் உட்கார்ந்துவிட்டால் ஒருவருக்கு ஒருவர் யோசனை சொல்லக்கூடாது. அணித் தலைவரும் நகர்த்தலைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. நாலு தனிமைகளைக் கூட்டினால் ஓர் அணி. அதற்கென்று ஒரு பெருமை உண்டு, ஆனால் நான் பேசுவது அதைப் பற்றியல்ல.

நான் பேசுவதற்கு நெருக்கமானது 1999இல் நடந்தது. சதுரங்க உலக சாம்பியன் காஸ்பரோவ் ஒரு பக்கம், உலகம் மறு பக்கம். 75க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் இணையத்தில் வாக்களித்து உலகத்தின் நகர்த்தலை முடிவு செய்தார்கள். ஒரு நகர்த்தலுக்கு 24 மணி நேரம். உலக அணிக்கு யோசனை சொல்ல நாலு இளம் ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். அவர்களில் இரினா க்ரஷ் என்ற பதினைந்து வயதுப் பெண் எல்லோருடைய ஆராய்ச்சியையும் திரட்டி, எந்த நகர்த்தலுக்கு என்ன காரணம் என்று விளக்கி எழுதினார். உலகம் பெரும்பாலும் அவர் சொன்னதைக் கேட்டது. 62 நகர்த்தல் வரை உலக சாம்பியனை எதிர்த்து நின்றது. 58ஆவது நகர்த்தலின்போது இரினாவின் பரிந்துரை நேரத்துக்கு வந்து சேரவில்லை. உலகம் வேறொன்றுக்கு வாக்களித்தது. அந்த நிலையே தோல்விதானா என்பது செஸ் ஆராய்ச்சியாளர்களின் விவாதம். என் கண்ணில் படுவது வேறு. அத்தனை ஆயிரம் பேரின் மூளை ஒரு பக்கம் இருந்தும், ஒரு செய்தி தாமதமானது பெரிதாகிவிட்டது.

சோழர்களைப் பற்றித் தம்பிகள் கேட்கக் காத்திருக்கிறார்கள் என்று தெரியும். 2025 பிப்ரவரியில் வந்த சிவிலைசேஷன் ஏழாம் பதிப்பில் சோழர் ஒரு நாகரிகமாக இடம்பெற்றார்கள். தஞ்சைப் பெரிய கோவில் அதில் ஓர் அதிசயம். எனக்கும் மகிழ்ச்சிதான், மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பதிப்பு வெளியான நாளில் அணியாகச் சேர்ந்து ஆடும் வசதி அதில் இல்லை. எனக்கு அது உறுத்தியது. ஏனென்றால் அந்தக் காலத்துக் கடலை ஆண்டது அரசர்கள் மட்டுமில்லை. சுமத்ராவின் பாரூஸ் பகுதியில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினுடையது. தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு அதற்கும் முந்தியது, ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஒருவர் வெட்டிய குளத்தை மணிக்கிராமத்தார் உள்ளிட்டோரின் பாதுகாப்பில் விட்டதை அது சொல்கிறது. யோசித்துப் பாருங்கள். கடல் கடந்த ஊரில் குளம் வெட்டியவர், அதைத் தன் பெயரால் பூட்டி வைக்கவில்லை. ஒரு கூட்டத்தின் கையில் ஒப்படைத்தார். எல்லா ஊரையும் ஒரே அரசன் ஆளும் விளையாட்டில் இப்படி ஒப்படைக்க வழியே இல்லை. நாலு பேர் அணியாக ஆடும்போதுதான் அந்த வரலாற்றுக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் போகிறோம்.

இனி காரியத்துக்கு வருகிறேன். இந்த ஊர்ப் பிள்ளைகள் அணியாக ஆட வேண்டும் என்பது என் ஆசை. விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஃப்ரீசிவ் இலவசம், பழைய கணினியிலும் ஓடும். ஒரு கணினியை நடுவில் வைத்து, மற்றவற்றை அதோடு இணைத்தால் இணையமும் தேவையில்லை. அணி அமைக்கலாம், அணிக்குள் பார்வையையும் ஆராய்ச்சியையும் பொதுவாக்கலாம், கணினி எதிரிகளின் திறமையைக் கூட்டிக் குறைக்கலாம். ஒரு சுற்றுக்கு ஒரு நாள் என்று வைத்து மாதக்கணக்கில் ஆடுகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். கடலுக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்கும், தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கும் அதுதான் பொருத்தம். கரை வந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு ஒரு கால் மணி நேரம். அந்த நாளின் முறை முடிந்தது. பிள்ளைகள் ராத்திரி முழுவதும் திரை முன் கிடப்பார்களோ என்று கவலைப்படும் தாய்மார்களுக்கும் இதைச் சொல்லிக்கொள்கிறேன்.

அணியில் நாலு பேர் இருந்தால் ஒவ்வொரு சுற்றும் தொடங்குமுன் நாலு பேரும் தங்களிடம் இல்லாதது எது என்று மட்டும் சொல்லட்டும். இருப்பதைச் சொல்ல வேண்டாம். அது படத்தில் தெரியும். என் பிள்ளைகள் மான்டெசூமாவுக்குப் பிறகு இதைத்தான் வழக்கமாக்கிக்கொண்டார்கள். முதலில் கூச்சப்பட்டார்கள். பிறகு “எனக்குக் குதிரை இல்ல”, “எனக்கு ஆள் பத்தல” என்று சந்தைக் கணக்குப் போல வந்துவிட்டது.

அதற்கு அடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஃப்ரீசிவின் வழக்கமான விதிகளில் கடலில் மீன் உண்டு, திமிங்கிலம் உண்டு, முத்து இல்லை. ஆனால் அதன் விதிகள் எல்லாம் யார் வேண்டுமானாலும் திறந்து திருத்தக்கூடிய சாதாரண எழுத்துக் கோப்புகள். வரைபடத்தையும் நாமே வரையலாம், திரையில் வரும் சொற்களைத் தமிழில் எழுதலாம். ஆக, மன்னார் வளைகுடாவை நாமே வரைவோம். கொற்கை, காயல், புன்னைக்காயல், தூத்துக்குடி, வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு, எதிர்க்கரையில் மன்னார். கடலுக்குள் முத்துச் சிப்பி விளையும் பார்கள்.

அந்தப் பார்களுக்கு விதி எழுதும்போதுதான் நாம் அமெரிக்க விளையாட்டான சிவிலைசேஷனைவிட உண்மைக்குப் பக்கத்தில் இருக்க முடியும். அவர்களுடைய முத்து தீர்வதே இல்லை. நம் கடலில் ஒரு பார் ஒரு வருடம் சிப்பியால் நிறைந்திருக்கும், அடுத்த பல வருடம் வெறும் மணலாகக் கிடக்கும். 1961க்குப் பிறகு தூத்துக்குடிப் பக்கம் முத்துச் சலாபமே நடக்கவில்லை. அதனால் எந்தப் பார் எப்போது விளையும் என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியாதபடி விதி எழுத வேண்டும். லூவா என்ற சிறு நிரல்மொழியை ஃப்ரீசிவ் ஏற்றுக்கொள்ளும். பன்னிரண்டாம் வகுப்பில் கணினி படித்த பிள்ளைகளுக்கு அது கடினமில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் சலாபம் அறிவிக்கும் முன் தோணி அனுப்பிப் பார்களைச் சோதித்துப் பார்ப்பார்கள். நம் ஆட்டத்திலும் அணியில் ஒருவர் தன் தோணியை, தன் சுற்றை விட்டுக்கொடுத்து, போய்ப் பார்த்துவந்து மற்ற மூவருக்கும் சொல்ல வேண்டும். அவர் பொய் சொன்னாலோ சொல்ல மறந்தாலோ நாலு பேருக்கும் நட்டம். சிப்பி எடுக்க இரண்டு பேருடைய தோணிகள் ஒரே கட்டத்தில் இருக்க வேண்டும் என்றும் ஒரு விதி வைப்போம்: ஒன்று முங்குகிறவருக்கு, மற்றது கயிறு பிடிக்கிறவருக்கு. கிடைத்ததை எப்படிப் பங்கு வைப்பது என்பதை அணியே பேசி முடிவு செய்யட்டும். அதற்கு விதி வேண்டாம்.

வரைபடம் வரையும் வேலையைக் கோடை விடுமுறையில் தொடங்கலாம் என்று பிள்ளைகளோடு பேசி வைத்திருக்கிறோம். தொலையிரம் பார் எந்தத் திசையில் எவ்வளவு தூரம், மற்றப் பார்களின் பெயர் என்ன, எந்தக் காற்றில் தோணி போகலாம், எந்தக் காற்றில் போகக்கூடாது என்பதெல்லாம் முன்வரிசையில் இருக்கும் உங்களுக்குத்தான் தெரியும். கேட்டு எழுதிக்கொள்ளப் பிள்ளைகள் வீட்டுக்கு வருவார்கள். இரண்டு பேர் சொல்வது ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டையும் எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.